தாயைக் காட்டச் சொல்லுங்கள்

மார்ச் 2, 2025

மாடி வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வந்திருக்கிறது. பிள்ளைகள் காலையிலிருந்து படிக்கட்டைவிட்டு நகரவில்லை. "நாப்பத்தஞ்சு நாள் ஆயிடுச்சு" என்றாராம் கடைக்காரர். சென்னையில் யாரைக் கேட்டாலும் இதே நாற்பத்தைந்துதான். அதுதான் சரியான வயது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் இப்போதுதான் ஈறுக்கு மேலே வருகின்றன, கடைவாயில் ஒன்றுமே இல்லை. நாலு வாரத்தை ஒட்டித்தான் இருக்கும். பால்குடி மறக்காத குட்டி. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவே கூடாது. அந்த நாற்பத்தைந்து நாள் உண்மையாகவே இருந்தாலும் சட்டத்துக்குப் பதினோரு நாள் குறைவு.

ஏன் இந்த அவசரம்? நாலாம் வாரத்திலிருந்து குட்டிக்குத் தனிச் சாப்பாடு, புழு மருந்து, பிறகு முதல் தடுப்பூசி. ஒவ்வொரு வாரமும் விற்பவருக்குச் செலவு. சின்னதாக இருந்தால் சீக்கிரம் விலைபோகும் என்பதும் உண்டு.

மார்ச் 6

காலையில் வாந்தி, மதியம் ரத்தபேதி. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய். குட்டியை இங்கே தரையில்கூட விடவில்லை. நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகும் என்பதால், வரும்போதே சுமந்துகொண்டு வந்திருக்கிறது என்றுதான் மருத்துவரும் நினைக்கிறார். அவ்வளவு சின்னக் காலில் நரம்பு கிடைக்க அவர் பட்ட பாடு!

மார்ச் 7

இன்றும் ட்ரிப்ஸ். தண்ணீர்கூடத் தங்கவில்லை.

மார்ச் 9

விடியற்காலையில் போய்விட்டது.

மாடி வீட்டுத் தம்பி கடைக்காரருக்கு போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அதுக்கென்ன சார், வேற குட்டி தர்றேன், வந்து எடுத்துக்கோங்க." குரலில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. போனை வாங்கி, "தாயைப் பாக்கணுங்க" என்றேன். "அது ஃபார்ம்ல இருக்கும்மா. அங்கெல்லாம் வெளி ஆளை விட மாட்டாங்க." எந்த ஊர் ஃபார்ம் என்ற கேள்விக்கு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மாற்றுக் குட்டி வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பிளீச்சிங் கரைசல் போட்டு மாடியைக் கழுவினோம்.

மார்ச் 12

அந்த ஃபார்மில் இருக்கும் தாயை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படி ஒரு தாய் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். பவானியும் லேப்ரடார்தான். இனி குட்டி போடாது என்று தெரிந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மடி வயிற்றோடு தொங்கிக்கிடக்கும். கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் மழுங்கிவிட்டன. வந்த புதிதில் புல்மீது கால் வைக்க மறுத்தாள். சிமென்ட் தரையைத் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. எந்தக் குட்டியைக் கண்டாலும் நக்கிச் சுத்தம் செய்ய ஓடுவாள்.

பெண்நாய் ஏறக்குறைய வருடத்துக்கு இருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் அறுபத்து மூன்று நாள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆண்நாயைச் சேர்த்தால் உடம்பு தேற இடைவெளியே இல்லை. அதனால்தான் அதே விதிகள் பதினெட்டு மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது, அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி எடுக்கக் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டியை மட்டும் பார்க்கிறவருக்கு இதில் எது மீறப்பட்டது என்று எப்படித் தெரியும்?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து கடைகளும் தரகர்களும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்க முடியாது. வளர்ப்பவரே, பிறந்த இடத்திலேயே, தாயோடு வைத்துக் காட்ட வேண்டும். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற தாய்நாயின் பெயரால்தான் அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். பிரான்சிலும் 2024 ஜனவரியிலிருந்து கடையில் நாய், பூனை விற்பனை கிடையாது.

மார்ச் 15

தம்பி கேட்டார்: "நாம வாங்கலைன்னா அந்தப் பெட்டியில இருக்குற மத்த குட்டிங்க கதி என்னக்கா?"

நல்ல மனசுள்ள எல்லோரையும் தடுமாற வைக்கும் கேள்வி. இரக்கப்பட்டுக் கொடுத்த பணமும் கல்லாவில் விற்பனையாகத்தான் விழுகிறது. காலியான பெட்டிக்கு அடுத்த ஈத்து வருகிறது. ஒரு குட்டியைக் காப்பாற்றியதற்கான விலையை அதன் தாய் இன்னொரு சினையாகக் கொடுக்கிறாள். இதைச் சொல்லும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

2003-ல் பக் நாய் நடித்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்தபின் தெருவுக்குத் தெரு அந்த நாய். மூச்சுவிடத் திணறும் அந்தச் சப்பை மூக்கைத்தான் அழகு என்று கேட்டு வாங்கினோம். நாட்டு இனம் என்றால் பாவமில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளை நிறத்துக்காகவே சேர்த்துக்கொண்டு போனால் அதுவும் கூடவே வரும். "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று வீட்டிலேயே இணை சேர்ப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்குத்தான் மடிக்கட்டி மிகக் குறைவு.

எல்லா வளர்ப்பாளரும் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டு, தாயை மடியில் போட்டுக்கொண்டு, உங்கள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று நம்மையே குறுக்குக் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் குட்டி கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்கலாம்.

மார்ச் 19

மாநில விலங்கு நல வாரியத்துக்குப் புகார் எழுதி முடித்தோம். 2018 விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். இந்தக் கடையில் பதிவு எண் எங்கும் கண்ணில் படவில்லை. மருத்துவரின் சான்று, குட்டியின் வயது பற்றிய அவர் குறிப்பு, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் இணைத்திருக்கிறோம். கடைசிப் பத்தியைத் தம்பியின் மனைவியே எழுதினாள்: பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், இந்தக் குட்டி பிறந்த இடத்தை யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.