கிள்ளான் 1941: குரல்களைக் கோப்பாக்கும் வேலை

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அதை அடக்கியவர்களின் எழுத்துதான். இலாகா அறிக்கைகளும் தோட்ட நிர்வாகங்களின் கடிதங்களும் லண்டனுக்குப் போன தகவல்களும் ஆங்கிலத்தில் ஏராளமாக இருக்க, பால் வெட்டியவர்களின் வாய்ச்சொல் அவற்றில் ஒரு கோரிக்கைப் பட்டியலாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்தவர்களின் பேச்சையும், அவர்கள் போனபின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வைத்திருக்கும் பேச்சையும் ஒலியாகவும் காணொளியாகவும் சேர்க்கும் சிறு குழு ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் போர் மூண்டபின் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. இந்தியத் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசை ஒட்டியே நின்றது, சீனத் தொழிலாளர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளர்களைத் திரட்டியது. சமகூலி, கொடுமைக்காரக் கிராணிகளை (தோட்ட எழுத்தர்களை) நீக்குவது, தோட்டத்துப் பெண்களிடம் மேலாளர்கள் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோவது என்று கோரிக்கைகள் நீண்டன. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானதும் கிளர்ச்சி தீவிரமானது. துருப்புகள் வந்தன, மே 16ஆம் தேதி கிள்ளான் அடங்கிய சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிவிட்டது. எங்கள் வேலையின் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பஞ்சமும் மரவள்ளிக்கிழங்கும், ஜப்பானியர் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டுபோய்ச் சயாமில் (தாய்லாந்தில்) போட்ட மரண ரயில்பாதையும் தோட்டப்புற நினைவில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன என்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்த வேலைநிறுத்தம் அவற்றின் அடியில் புதைந்துபோயிற்று. "ஸ்ட்ரைக் எந்த வருஷம் நடந்தது, தாத்தா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி தோட்டத்தில் ஏதாவது கலவரம் நடந்ததா?" என்று கேட்டால் வரும், வந்தாலும் அது சயாமுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவின் கதைக்குள் நுழைந்து, வெகுநேரம் கழித்தே கிள்ளானுக்குத் திரும்பும். வேலைநிறுத்தம் தொடர்பான பகுதியை மட்டும் வெட்டி வைத்தால் போதாதா என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. சொல்பவருக்கு இரண்டும் ஒரே கதை. அதை நம் வசதிக்காகப் பிரிப்பது, காலனிய அதிகாரி தொழிலாளியின் பேச்சைக் கோரிக்கைப் பட்டியலாக நறுக்கியதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. முழுப்பதிவையும் வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எதைப் பற்றிய பேச்சு வருகிறது என்ற நேரக்குறிப்பை அதனுடன் இணைத்துவிட்டால், தேடுபவர் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். கேசட் காலத்தில் இதற்கு நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். டிஜிட்டல் முறையின் உண்மையான லாபம் என்று நான் கருதுவது இதைத்தான்.

அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது. கூலி உயர்வுக்கு நடுவே இது அற்பமாகத் தெரியலாம். நானும் வரலாற்று நூல்களில் அதை ஒரு வரியாகக் கடந்து போயிருக்கிறேன். சிறுவயதில் அதைக் கண்ணால் பார்த்த முதியவர் ஒருவர், பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து, இல்லாத சைக்கிளின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, பாதையோரத்துக்கு ஒதுங்கி, தலையைத் தாழ்த்தி நின்று காட்டினார். துரையின் கார் கடந்து போகும்வரை நிற்க வேண்டுமாம். அவரும் அவ்வளவு நேரம் நின்றார். அன்று ஒலிப்பதிவுக் கருவி மட்டுமே ஓடிக்கொண்டிருந்ததால், கோப்பில் அந்த இடம் நாற்காலி நகரும் ஓசையும் நீண்ட மௌனமுமாக இருக்கிறது. எழுத்துப்படியில் "எழுந்து, சைக்கிளைப் பிடித்தபடி நின்று காட்டுகிறார்" என்று சேர்த்தோம். அதன்பின் விருப்பமுள்ளவர்களிடம் ஒலியோடு காணொளியும் எடுக்கிறோம்.

இடங்களைக் குறிப்பதும் எளிதன்று. தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. முதியவர்கள் தோட்டத்தைச் சொல்வது நிர்வாகப் பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயரால் அல்ல, தமிழர் வழக்கில் வைத்த பெயரால். ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கே, ஸ்டோர் எங்கே, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற இடம் எங்கே என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் இன்றைய வரைபடத்தில் விரலை வைக்கச் சொன்னால் திகைக்கிறார்கள். பெரும்பாலும் கைகொடுப்பது கோயில்தான். லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிபட்டாலும் மாரியம்மன் கோயில் அங்கேயோ பக்கத்திலோ நிற்கிறது; அதிலிருந்து தொடங்கினால், "இந்தப் பக்கம் பத்து லயம், அதைத் தாண்டினால் பால் கொட்டகை" என்று மற்றவை தாமாக விரிகின்றன. அந்தக் குறிப்புகளை எண்முறை வரைபடத்தில் பதிவுகளோடு இணைத்து வருகிறோம்.

கிராணிமாரின் குடும்பங்களிடமும் பதிவு செய்ய வேண்டும் என்பதில் குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது. அவர்களில் பலர் மலையாளிகளும் இலங்கைத் தமிழர்களும் ஆவர். தொழிலாளர் கதைகளில் அவர்களுக்கு நல்ல பெயர் இல்லை. ஒரு பெண்மணி, தம் பாட்டனார் வேலைநிறுத்தக் காலத்தில் லயத்துக்கு ரகசியமாக அரிசி அனுப்பினார் என்று சொன்னார். அதே தோட்டத்தைச் சேர்ந்த இன்னொருவர் அதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். இரண்டில் எது சரி என்று தீர்ப்பு எழுதுவது எங்கள் வேலையாகத் தெரியவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறோம், ஒன்றைத் திறப்பவருக்கு மற்றொன்றும் கண்ணில் படும்படி இணைப்பு கொடுத்திருக்கிறோம்.

பெண்கள் தொடர்பான கோரிக்கையைப் பற்றிய பதிவுகள் வேறு வகை. கருவியை அணைத்த பிறகுதான் அந்தப் பேச்சு பெரும்பாலும் வரும். மறுபடியும் போடலாமா என்று கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள், சிலர் தலையசைத்து மறுப்பார்கள். சம்மதித்தவர்களின் பிள்ளைகள் பிறகு வந்து, "அம்மா சொன்னது உண்மைதான், ஆனால் பெயரோடு வெளியில் வரவேண்டாம்" என்று கேட்பதும் உண்டு. எனவே ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்து வாங்கும் முறையைக் கைவிட்டோம். யாரும் கேட்கலாம், ஆய்வாளர் மட்டும் கேட்கலாம், குறித்த காலம்வரை யாரும் கேட்கக்கூடாது என்று மூன்று நிலைகள் உண்டு. எந்தப் பகுதிக்கு எது என்பதைச் சொன்னவரே முடிவு செய்வார், பின்னர் மாற்றியும் கொள்ளலாம். பொதுவில் எல்லாவற்றையும் உடனே திறந்துவிடுவதே டிஜிட்டல் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இது பிற்போக்காகத் தெரிகிறது. அவர்களுடன் வாதாடி நேரத்தை வீணாக்குவதில்லை.

வெளியிட்டவையும் நம் கையில் நிற்பதில்லை. வேலைநிறுத்தம் பற்றிய குரல்துண்டு ஒன்றை யாரோ எடுத்து, அதன்மேல் சயாம் ரயில்பாதைப் புகைப்படங்களை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அது எங்களுக்கே பலமுறை திரும்பி வந்தது. இப்போது வெளியிடும் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பேசுபவர் கண்டவரா கேட்டவரா, எந்தத் தோட்டம், எந்த ஆண்டில் பதிவு என்பதைக் குரலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கருவிகளைப் பற்றி ஆர்வமுள்ளவர்களுக்கு: சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வெவ்வேறு இடங்களில் மூன்று படிகள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் மேடைத்தமிழுக்கு ஓரளவு ஒத்துழைக்கின்றன. தோட்டத்துப் பேச்சில் மங்கு (பால் பிடிக்கும் கோப்பை), தண்டல் (மேற்பார்வையாளர்), கித்தா (ரப்பர்) என்று வந்ததும் தடுமாறுவதால், முழுவதையும் ஆள் உட்கார்ந்து கேட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்விட அவசரமானது பழைய கேசட்டுகள். சங்கத் தொண்டர்களும் ஆசிரியர்களும் முன்பு சொந்த ஆர்வத்தில் பதிவு செய்தவை அவை. 1941இல் இளைஞர்களாகவே இருந்தவர்களின் குரல் அவற்றில் மட்டும்தான் இருக்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்து, ஓடும் நிலையில் உள்ள கருவியைத் தேடிப்பிடித்து, முழு நேரமும் காதுகொடுத்துப் படியெடுக்கும் இந்த வேலைக்கு நன்கொடை கேட்டால் யாரும் எளிதில் அசைவதில்லை. ஆவணப்படம் என்றால் உடனே கிடைக்கிறது. இந்த முறை கிடைத்த தொகையைக் கேசட்டுகளுக்கே ஒதுக்கச் சொல்லிப் போராடி வாங்கிவிட்டேன். இணையதளத்தின் முகப்பைப் புதுப்பிப்பது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.