கலவன் இல்லாத வயல்

நெல்லில் பிஎச்டி முடித்தேன் என்று சொன்னதிலிருந்து கீழே படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் "எப்படிக்கா போச்சு" என்று கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு அரைகுறையாக ஒன்றைச் சொல்வதற்கு ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே படித்தேன், யாரிடம் படித்தேன் என்பதெல்லாம் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதுகிற நெட் தேர்வு பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. உயிரியல் தாளில் சி பகுதியில் 75 கேள்வி இருக்கும், 25-க்கு எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மார்க், தப்பானால் கால்வாசி கழியும். அந்த 25-ஐப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. எனக்கு இரண்டாவது தடவை, 2019 டிசம்பரில், ஜெஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. கொரோனா காரணமாகச் சேர்ந்தது 2021 ஜனவரியில். அப்போது மாதம் 31,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். மொத்தம் ஐந்து வருடம், முதல் இரண்டு ஜெஆர்எஃப், அப்புறம் மதிப்பீட்டில் தேறினால் மூன்று வருடம் எஸ்ஆர்எஃப் என்கிற முதுநிலை உதவித்தொகை. இந்த ஐந்து வருடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள், ஏனென்றால் நெல் வெள்ளைப் பொன்னி மாதிரி ரகமாக இருந்தால் ஒரு தலைமுறைக்கே நாலரை மாதம் எடுத்துக்கொள்ளும், அதை அவசரப்படுத்த எங்கள் லேபில் எந்த வழியும் கிடையாது. ஈஸ்ட் வைத்து வேலை செய்கிற தோழி ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு சோதனை கெட்டால் ஒரு வாரம் போகும். எனக்குக் கெட்டால் ஒரு பட்டம், அதாவது ஒரு சாகுபடிப் பருவமே போகும்.

என் வேலை உப்பைத் தாங்கும் நெல். எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம், 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்களைச் சின்ன வயதில் பார்த்தவள் என்பதால் இந்தத் தலைப்பு என்று நேர்முகத்தில் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் கைடிடம் அப்போது இருந்த திட்டமும் அதுதான். வெள்ளைப் பொன்னியைத் தாயாகவும் பொக்காலியைத் தந்தையாகவும் வைத்து ஒட்டுச் சேர்த்து, இரண்டாம் தலைமுறையில் எந்தச் செடி உப்பைத் தாங்குகிறது, அதன் டிஎன்ஏவில் எந்தப் பகுதி அதற்குக் காரணம் என்று பார்க்க வேண்டும். பொக்காலி கேரளக் கடலோரத்து நெல், எர்ணாகுளம் பக்கம் மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் இறாலும் மாறி மாறி வரும் வயல்களில் வளர்வது. ஆள் உயரத்துக்குப் போகும், சாயும், அரிசி சிவப்பு. இந்தச் சிவப்பை நினைவில் வையுங்கள்.

நெல்லில் ஒட்டுச் சேர்ப்பது புத்தகத்தில் ஒரு பத்தி, வயலில் கழுத்து வலி. ஒரு நெல்லுக்குள் ஆறு மகரந்தப்பை, எல்லாமே தன் பூவையே கருவுறச் செய்யத் தயாராக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மறுநாள் விரியப்போகிற பூவாகப் பார்த்து, உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, ஊசி முனை இடுக்கியால் ஆறையும் உடையாமல் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் பை மாட்டிவிட வேண்டும். மறுநாள் ஒன்பதரை, பத்து மணிக்கு ஆண் செடியில் பூ விரியும்போது அந்தக் கதிரைக் கொண்டுவந்து பைக்குள் உதற வேண்டும். நெல் மகரந்தம் சில நிமிடங்களுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆறில் ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ தனக்குத் தானே கருவுற்றுவிடும், வெளியே இருந்து பார்த்தால் அதுவும் வெட்டிய உமிக்குள் இருக்கிற விதையாகத்தான் தெரியும். ஒட்டு விதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

2021 டிசம்பரில் நான் செய்த முதல் ஒட்டில் ஐந்து விதை கிடைத்தது. ஐந்தே ஐந்து. மூன்று முளைத்து, ஒன்று நாற்றிலேயே செத்து, இரண்டு செடி தொட்டியில் வளர்ந்தன. இரண்டும் ஒரே கதிரில் விளைந்தவை. அது உண்மையான ஒட்டுதானா என்று பார்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். துளி இலை எடுத்து டிஎன்ஏ பிரித்து, தாய்க்கும் தந்தைக்கும் வேறுபடுகிற ஒரு மார்க்கரை (டிஎன்ஏவில் அடையாளமாக வைத்துப் பார்க்கும் பகுதி) போட்டு ஜெல்லில் ஓட்டினால், ஒட்டுச் செடியில் இரண்டு பட்டையும் தெரியும், தானே கருவுற்றதில் தாயின் பட்டை மட்டும் தெரியும். ஒரு நாள் வேலை. அதற்கு வேண்டிய பிரைமர் என்கிற சின்ன டிஎன்ஏ துண்டு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இலையை ஃப்ரீசரில் போட்டேன். பிரைமர் வந்தது. நான் அப்போது கோர்ஸ் ஒர்க் பரீட்சையில் இருந்தேன். கைடு ஒரு நாள் படியில் ஏறிக்கொண்டே கேட்டார், "எஃப்-1 கன்ஃபர்ம் பண்ணியாச்சாம்மா?" எஃப்-1 என்றால் ஒட்டில் வந்த முதல் தலைமுறைச் செடி. நான் "ஆச்சு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த வாரமே செய்துவிடப் போகிறோம்தானே, இப்போதே சொன்னால் என்ன என்கிற மாதிரிதான் இருந்தது. செடியும் நன்றாக உயரமாக இருந்தது போலத் தெரிந்தது, தொட்டியில் தனியாக நின்றால் எந்தச் செடியும் அப்படித்தான் தெரியும். அப்புறம் செய்யவில்லை. ஜூன் கடைசியில் அந்த இரண்டு செடியிலிருந்தும் விதையைச் சேர்த்து எடுத்து, ஆகஸ்டில் நாற்று விட்டு, சம்பாவில் 300 செடியை ஒற்றை நாற்றாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதின அட்டை கட்டினேன்.

அங்கே வயல் வேலைக்கு ஒரு அக்கா வருவார். இருபத்தைந்து வருடமாக விதைப் பண்ணையிலும் ஆராய்ச்சி வயலிலுமாகவே இருப்பவர், விதை வயலில் கலவன் பிடுங்குவதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. தூரத்தில் நின்றே "அதோ மூணாவது வரிசையில ஒரு பொம்பள வந்து நிக்குது பாரு" என்பார், போய்ப் பார்த்தால் வேறு ரகச் செடி ஒன்று நிற்கும். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் களை எடுக்க வந்தவர் வரப்பில் நின்று என் வயலைப் பார்த்துவிட்டு, மனதார, பாராட்டாகவே சொன்னார்.

"பாப்பா, உன் வயலு சுத்தமா இருக்கு. ஒரு கலவன் இல்ல."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் தலைமுறை வயல் என்றால் அது முழுக்கவே கலவனாகத்தான் இருக்க வேண்டும். குட்டையும் நெட்டையும், அகல இலையும் ஒல்லி இலையுமாக, ஒரு செடி போல இன்னொன்று இல்லாமல். அதிலும் தந்தை பொக்காலி. அங்கே 300 செடியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. லேபுக்கு ஓடிப்போய் மீதி இருந்த விதையில் பத்தை எடுத்து உமியை நகத்தால் உரித்தேன். பத்தும் வெள்ளை. அரிசியின் மேல்தோல் அது விளைந்த தாய்ச்செடியின் திசு, சிவப்பு ஓங்கிய பண்பு, ஆகவே உண்மையான ஒட்டுச் செடியில் விளைந்த எல்லா அரிசியும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். ஜூனிலிருந்து விதை என் கையில் இருந்தது. மார்க்கர், ஜெல் எல்லாம் விடுங்கள், ஒரு நெல்லை உரித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒற்றை நாற்றாக நட்டு, எண் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்த சுத்தமான வெள்ளைப் பொன்னி அது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஃப்ரீசரில் இருந்த பழைய இலையை எடுத்து, முதலில் செய்திருக்க வேண்டிய ஜெல்லை ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தேன், ஒரு பட்டைதான். நாலாவது நாள் போய்ச் சொன்னேன், ஒட்டு பொய்த்தது மட்டுமல்ல, அன்றைக்குப் படியில் சொன்னதும் பொய் என்று சேர்த்தே சொன்னேன். இரண்டாவதைச் சொல்லாமல் தப்பித்திருக்கலாம் என்று நண்பர்கள் இப்போதும் சொல்வார்கள். முடியாது, முதலாவதைச் சொன்ன உடனே அவர் கேட்கப்போகிற கேள்வியே அதுதான். கைடு கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "பேரன்ட்ஸ் வயல்ல இருக்கா?" என்றார். இருந்தது. விதை பெருக்கத்துக்காக இரண்டு ரகத்தையும் அந்தச் சம்பாவிலும் போட்டிருந்தோம், பொக்காலியைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக. "அப்ப இந்த மாசமே திரும்பப் பண்ணு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கப்புறம் ஒரு வருடம் நான் எதைச் சொன்னாலும் "ஜெல் போட்டோ காட்டு" என்பார், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மாசம் என்பது 2022 நவம்பர். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும், அந்த நவம்பர். மழையில் நெல் பூ விரியாது, விரிந்தாலும் மகரந்தம் நனைந்து வீணாகும். அக்காதான் வழி சொன்னார், கதிர் வரப்போகிற செடிகளை மண்ணோடு பெயர்த்து வாளியில் வைத்து ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று. இருபது வாளி. ஷெட்டில் ஒரு பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் கத்தரித்தோம். என் கை ஒரு கதிரை முடிப்பதற்குள் அவர் மூன்று முடிப்பார், அவருக்கு மகரந்தப்பை என்ற சொல்லெல்லாம் கிடையாது, "மஞ்சப் பொட்டு ஆறையும் எண்ணு பாப்பா, அஞ்சு எடுத்துட்டு ஆறுன்னு நெனச்சுக்காத" என்பார். பதினொரு நாளில் 62 விதை. அவர் செய்த கதிர்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். பிப்ரவரியில் விதைத்து, நாற்று மூன்றாவது இலை விட்டதுமே இலை கிள்ளிப் பார்த்தபோது, 41 செடியில் 29 இரண்டு பட்டை. அதில் 22 அவருடைய கதிரில் விளைந்தவை. என் ஆய்வேட்டில் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஆய்விதழில் வந்த கட்டுரையில் இல்லை. சேர்க்கலாமா என்று கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இதற்குள் 2023 ஜனவரி வந்து, எஸ்ஆர்எஃப் ஆனேன், அதே மாதத்திலிருந்து உதவித்தொகையையும் உயர்த்தியிருந்தார்கள், 42,000. ஆனால் ஒரு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக என் கோப்பு கிடந்ததில் ஏழு மாதப் பணம் ஒன்றாகத்தான் வந்தது. நடுவில் அண்ணன்தான் வாடகை கட்டினான். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் தலைமுறை 2023 சம்பாவில் நின்றது. அக்கா வந்து பார்த்து "சகிக்கல" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதில் 188 செடி எடுத்தேன். டிஎன்ஏவைப் பெருக்குகிற பிசிஆர் தட்டில் 96 குழி, தாய் தந்தைக்கு இரண்டு போனால் 94, இரண்டு தட்டுக்கு 188, வேறு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனிக் கவரில் எடுத்து, அடுத்த கோடையில் அந்தக் குடும்பங்களை உப்பில் வைத்துப் பார்த்தேன்.

உப்புச் சோதனையில் மண் கிடையாது. தெர்மாகோலில் துளை போட்டு அடியில் வலை தைத்து, அதில் நாற்றை நிறுத்தி, யோஷிடா ஊட்டக் கரைசலில் மிதக்கவிட்டு, இரண்டு வாரம் ஆனதும் உப்பைக் கூட்டி, அதன் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனை மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸ் வரை கொண்டுபோக வேண்டும். ஐஆர்-29 என்கிற ரகம் உப்பில் சீக்கிரம் சாகும், அது செத்த பிறகு மற்றதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண், 1 என்றால் நன்றாக இருக்கிறது, 9 என்றால் போய்விட்டது. இதில் உப்பை விடப் பெரிய எதிரி பிஎச். தினமும் 5-க்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், ஏறிவிட்டால் செடிக்கு இரும்பு கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும், அதை உப்பினால் வந்தது என்று மதிப்பெண் போட்டுவிடுவோம். கோடையில் கண்ணாடி வீட்டுக்குள் தண்ணீர் ஆவியாகி உப்பு தானாகவே கூடும், அதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். ஞாயிறு, மாமா பெண் கல்யாணம் எதுவும் கிடையாது. அந்தக் கல்யாணத்துக்குப் போகாததற்கு இன்னும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன், "புல்லுக்குத் தண்ணி ஊத்தணும்னு வரல" என்று.

முடிவு என்ன வந்தது என்றால், முதல் குரோமோசோமில் சால்டால் என்று நெல் ஆராய்ச்சியில் எல்லோருக்கும் தெரிந்த, உப்பைத் தாங்க உதவும் பகுதி எனக்கும் வந்தது. அதில் இருக்கிற ஒரு ஜீன் வேரிலிருந்து ஏறும் சோடியத்தை வழியிலேயே திரும்ப இழுத்து இலைக்குப் போகவிடாமல் செய்கிறது, அது 2005-லேயே வெளியான சங்கதி. புதிதாக ஒரு சின்னப் பகுதி கிடைத்தது, பலம் கம்மி. எழுதிய கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவதில் மதிப்பீட்டாளர் ஒருவர், நாற்றில் தாங்குவது பூக்கும் பருவத்திலும் தாங்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நாற்றுப் பருவத் தாங்குதிறனும் பூக்கும் பருவத் தாங்குதிறனும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ஆனால் அதைப் பார்க்க இன்னொரு பட்டம் வேண்டும், என்னிடம் இருந்தது எட்டு மாதம். பார்க்கவில்லை என்பதைக் கட்டுரையிலேயே எழுதி, தலைப்பில் "நாற்றுப் பருவத்தில்" என்று சேர்த்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வேட்டைக் கொடுக்கக் கட்டுரை கட்டாயமில்லை என்று 2022-லேயே யூஜிசி விதியை மாற்றிவிட்டது, ஆனால் பல இடங்களில் வழக்கம் மாறவில்லை. சேர்ந்த அன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2025 டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன், உதவித்தொகை முடிய மூன்று வாரம் இருந்தபோது. அந்த 300 செடி வெள்ளைப் பொன்னி இல்லாமல் இருந்திருந்தால் ஒரு வருடம் முன்னால் முடித்திருப்பேன், பூக்கும் பருவத்தையும் பார்த்திருப்பேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டதே எஃப்-1 எப்படி உறுதி செய்தீர்கள் என்றுதான். கைடு தலையைக் குனிந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் ஜெல் படத்தைப் போட்டேன்.

இப்போது ஒரு வருட ஒப்பந்தத்தில் திட்ட வேலை, பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சியான போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன், அது தனிக் கதை. மூன்றாம் தலைமுறை விதை 188 கவரும் குளிர் அறையில் இருக்கிறது, அடுத்து வருகிற பெண் எடுத்துக்கொள்ளலாம். கவரின் மேல் எல்லாம் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். பேனா, மார்க்கர் எதுவும் வேண்டாம், முதல் வருடம் மார்க்கரில் எழுதிய அட்டைகள் வெயிலில் இரண்டு மாதத்தில் வெள்ளையாகிவிட்டன. அதைச் சொல்லித் தந்ததும் அந்த அக்காதான்.