குலசாமியைக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்தவர்

கோத்தகிரியில் என்னோடு படித்தவர்களுக்குச் 'சனிக்கிழமை ஐயா'வை நினைவிருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி மஃப்ளர், வெயிலானாலும் கையில் கறுப்புக் குடை. அவர் நம் பள்ளி ஆசிரியர் இல்லை. வெளியுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுக்க வாரம் ஒரு நாள் வந்துபோனார். தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. அதனால் நானும் ஐயா என்றே எழுதுகிறேன்.

ஊட்டியில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவாகத் தொடங்கியவர் அவர். பிறகு பரீட்சை எழுதி வெளியுறவுப் பணியின் 'பி' பிரிவுக்குப் போனார். தூதர்கள் கைகுலுக்கும் படங்களில் இந்தப் பிரிவுக்காரர்கள் இருக்கமாட்டார்கள். கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் மனுவை வாங்குவது இவர்கள்தான். முதலில் பர்மாவின் ரங்கூன். 1964இல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியபோது, நேற்றுவரை கடை முதலாளியாக இருந்தவர்கள் தூதரக வாசலில் வரிசையில் நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் இலங்கையில், கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம். கடைசியில் சென்னை பாஸ்போர்ட் அலுவலகம். வேறு ஊர்களும் உண்டு. அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

கண்டியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில், இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப் பகுதியைக் குறிக்கும் 'கண்டிச் சீமை' என்ற சொல் தினமும் புழங்கியது. நான் மூன்று வயதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்தத் தேயிலைத் திட்டத்தை எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தொடங்கியது என்பதுகூட ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்குப் போன இந்தியத் தமிழர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. அவர்களை இரண்டு நாடுகளும் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களை ஐயா கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதில் ஒருத்தரையும் யாரும் கேட்கவில்லை தம்பி" என்றார். அரசாங்கச் சம்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மனிதர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

பாஸ்போர்ட் மனுவில் பூர்வீக ஊர் என்று ஒரு இடம் உண்டு. அங்கேதான் எல்லாரும் திணறுவார்களாம். தாத்தா காலத்தில், தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு போன குடும்பங்கள். திருச்சிப் பக்கம், சேலம் ஜில்லா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, உங்க குலசாமி எது?" என்று கேட்பாராம். சாமி பெயர் உடனே வரும். கோயில் ஆற்றங்கரையிலா, கிடா வெட்டு எந்த மாசம், பக்கத்தில் எந்தச் சந்தை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முசிறி, துறையூர், மணப்பாறை என்று நெருங்கிக்கொண்டே போவாராம். "சாமி பேரை வெச்சு ஊரைப் பிடிச்சிடலாம். ஊர் கிடைச்சதும் மனு கொடுக்க வந்த அம்மா முகத்தைப் பார்க்கணுமே!" என்பார். ஒரு மனுவுக்கு இரண்டு மணி நேரம் ஆன நாளும் உண்டாம். இதைவிடப் பெரிய ராஜதந்திரம் எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியும் அதே பொறுமையோடுதான் இருந்தது. அப்பா பெயரை மூன்று தாளில் எழுதச் சொல்வார். மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திப் பார்ப்பார். ஒரு 'ய்' விட்டுப்போனாலும் திரும்ப எழுத வேண்டும். லண்டனுக்கு வந்த பிறகு எத்தனையோ படிவங்கள் நிரப்பிவிட்டேன். இன்றைக்கும் அந்த ஸ்கேல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி எங்கள் லயத்துக்கு வந்தார். பாட்டி சுக்குப் போட்ட டீயும் வர்க்கியும் கொடுத்தாள். தாத்தாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தோட்டத்துக் காசெல்லாம் வந்து சேர்ந்துதா?" என்பது. வந்தது என்றார் தாத்தா. பாட்டியின் தங்கை மட்டும் அங்கேயே இருந்தாள். புருஷன் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் கப்பலும் நின்றுபோனது.

ஐயா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, என் நோட்டிலிருந்து ஒரு தாள் கேட்டார். தங்கையின் பெயர், புருஷன் பெயர், தோட்டம், டிவிஷன், லயத்து எண் எல்லாம் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கண்டியில் பழகிய ஒருவருக்கு அன்று இரவே கடிதம் போட்டிருக்கிறார். ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி ஒரு நீல நிறக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "பிரிக்காம கொண்டுபோய்க் கொடு. பாட்டிதான் முதல்ல தொடணும்."

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அன்று ராத்திரி அதை நான் நாலு தடவை வாசித்தேன்.