148 எல்லாம் ஒரு பிபியே இல்லக்கா

"எப்பவும் 96, 98னுதானே சிஸ்டர் எழுதுவீங்க?" என்று அந்த அண்ணனின் மனைவி கேட்டார். "148 எல்லாம் ஒரு பிபியே இல்லக்கா. வலியில கொஞ்சம் ஏறும்" என்றேன் நான். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதெல்லாம் ஒன்றுதான் தோன்றுகிறது. விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் அவர்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். கழுத்தில் சி6 மட்டத்தில் தண்டுவடம் முழுதாகப் போய் நான்கு மாதம். சிறுநீர் வெளியேற 16 நம்பர் ஃபோலி டியூப். அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவர் சொன்னது தலைவலி மட்டும்தான், "பொட்டுல சம்மட்டியால அடிக்கிற மாதிரி". நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. மூக்கடைப்பு என்றும் சொன்னார். பிபி 148/92, பல்ஸ் 54. ஒரு பாரசிட்டமால் கொடுத்து, கொஞ்சம் கண்ணை மூடட்டும் என்று கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிவிட்டேன்.

அந்தக் கட்டிலை இறக்கியதுதான் மனதை விட்டுப் போகவில்லை. அது வெறும் தலைவலி இல்லை. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வரும் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற திடீர் பிபி ஏற்றம்.

தன்னியக்க நரம்பு மண்டலத்தில் பரிவு நரம்புகள் தண்டுவடத்தில் மார்பு மட்டத்து டி1 முதல் இடுப்பு மட்டத்து எல்2 வரையுள்ள பகுதியிலிருந்து கிளம்புகின்றன. மூளையின் கட்டளை அங்கே வந்து சேர்ந்தால்தான் ரத்தக் குழாய்கள் தேவைக்கேற்ப இறுகும், தளரும். சி6இல் அறுபட்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால்தான் அவருடைய சாதாரண பிபி 96. காலையில் உட்கார வைத்தாலே கண் இருட்டும் என்று வயிற்றில் பெல்ட் கட்டி, காலில் இறுக்கமான சாக்ஸ் போட்டுத்தான் சக்கர நாற்காலிக்கு மாற்றுவோம்.

ஆனால் அறுபட்டதற்குக் கீழே இருக்கும் தண்டுவடம் சாகவில்லை. சிறுநீர்ப்பை அளவுக்கு மேல் நிரம்பினால் அந்தச் செய்தி கீழிருந்து ஏறி வருகிறது. மூளைக்குப் போக வழியில்லை. வருகிற வழியிலுள்ள பரிவு நரம்புகளை உசுப்பிவிடுகிறது. குடலுக்குப் போகும் குழாய்கள் மொத்தமாக இறுகுகின்றன. உடம்பு ரத்தத்தில் கணிசமான பங்கு தங்கும் இடம் அது. அங்கிருந்து பிழியப்பட்ட ரத்தம் மேலே வந்து பிபியை ஏற்றுகிறது. காயம் டி6 அல்லது அதற்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த ஆபத்து என்பதற்குக் காரணமும் இதுதான். அதற்குக் கீழே அடிபட்டிருந்தால், குடலின் குழாய்கள் பெருமளவு மூளையின் பிடியிலேயே இருக்கும்.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டு மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. மூளையும் சும்மா இருப்பதில்லை. இதயத்தை மெதுவாக்கு என்று மூளையிலிருந்து நேராக இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகச் சொல்கிறது. வேகஸ் தண்டுவடத்துக்குள் போகாத நரம்பு, ஆகவே அந்தக் கட்டளை போய்ச் சேர்கிறது. குழாய்களைத் தளர்த்து என்ற இன்னொரு கட்டளை சி6இல் நின்றுவிடுகிறது. பிபி ஏறியிருக்கும்போது பல்ஸ் 54. சார்ட்டில் என் கையாலேயே எழுதிய எண். கட்மனும் விட்டரிட்ஜும் 1947இலேயே விவரித்து எழுதிவிட்ட விஷயம் இது, புதிதல்ல. எனக்கும் பாடமாகத் தெரிந்ததுதான்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சில நாள் தோன்றும். படுக்கையோரப் பையில் 200 மில்லி சிறுநீர் இருந்தது. டியூப் மடங்கவில்லை, தொடைக்கு அடியில் சிக்கவில்லை. பார்த்தேன். ஆனால் ஆறு மணிக்கும் அதே 200தான். இரண்டு மணி நேரத்தில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை என்பது சார்ட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தது. பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். ஏறுகிறதா என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அந்த அக்காவே மறுபடி வந்தார். "முகம் செவசெவன்னு இருக்கு சிஸ்டர், காலு மட்டும் சில்லுனு இருக்கே." போர்வையை விலக்கினால் தொடை முழுக்கப் புல்லரித்து நின்றது. அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. பிபி 164.

தலைப்பக்கத்தை முழுதாக உயர்த்தி நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டோம். காலையில் மயங்க வைக்கிற அதே குறை இப்போது உதவும், ரத்தம் காலுக்கு இறங்கும். வயிற்றுப் பெல்ட், சாக்ஸ், டயப்பர் எல்லாவற்றையும் தளர்த்தினோம். டூட்டி டாக்டர் வருவதற்குள் உடல் சூட்டில் இருந்த சலைன் 10 மில்லியை ஃபோலியில் மெதுவாகச் செலுத்தினேன். போனது, திரும்பவில்லை. அழுத்தி ஏற்றக் கூடாது, அடிவயிற்றைத் தட்டவும் கூடாது. இரண்டுமே பிபியை இன்னும் ஏற்றும். டாக்டர் பிபியைக் குறைக்க நைஃபெடிபின் 10 மில்லிகிராம் கடித்து விழுங்கக் கொடுத்தார். அடுத்து நைட்ரேட் என்ற இன்னொரு பிபி மருந்து தேவைப்பட்டால், சில்டெனஃபில் (வயாகரா) மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது என்பதால் அதையும் கேட்டுக்கொண்டார். பழைய டியூபை எடுத்து, மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகெயின் ஜெல்லி போட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்து புதியதைப் போட்டோம். அந்த இரண்டு நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஜெல்லி வேலை செய்வதற்கு முன் டியூபை நுழைத்தால் அதுவே இன்னொரு தூண்டுதல்.

பழைய ஃபோலியின் நுனியை விரலால் தேய்த்தபோது மணல் மாதிரி நறநறத்தது. புதியதில் 700 மில்லி சிறுநீர் வந்தது. அடைப்பு விலகியதும் பிபி சடாரென இறங்கும், மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். பத்து நிமிடத்தில் 88. மறுபடி படுக்க வைக்க வேண்டியதாயிற்று. ஒரே கட்டில், ஒரு மணி நேரத்துக்குள் இறக்கம், ஏற்றம், இறக்கம். பிறகு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்தோம்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சமாதானப்பட முடியவில்லை. இதே நிலையில் மூளையில் ரத்தக்கசிவு வரலாம், வலிப்பு வரலாம்.

மேல் அழுத்தம் 150ஐத் தொட்டால் மருந்து என்பது நடைமுறை. அந்தக் கணக்கில் 148க்கு மாத்திரை கொடுக்காதது தவறில்லை. ஆனால் உட்கார வைப்பதற்கும் டியூபைப் பார்ப்பதற்கும் 150 வரை காத்திருக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. அவரவர் வழக்கமான அளவுக்கு மேல் 20, 40 ஏறினாலே போதும். இவருக்கு 52 ஏறியிருந்தது. அப்போதே நிமிர்த்தி உட்கார வைத்திருந்தால் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது, 88க்கும் போயிருக்காது என்று நினைக்கிறேன். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. அடைப்பு அடைப்புதான், எப்படியும் ஏறியிருக்கும் என்கிறார்.

டிஸ்சார்ஜ் அன்று அவருடைய வழக்கமான பிபி 96/60 என்று சிவப்பு மையில் ஒரு அட்டையில் எழுதி, சக்கர நாற்காலிப் பையில் வைத்தோம். தலைவலி, வியர்வை வந்தால் உட்கார வை, டியூபைப் பார், கூப்பிடு என்று கீழே வரிசையாக. அந்த அக்கா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டார்: "130 வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடலாமா சிஸ்டர்? திட்டமாட்டாங்களே?"

"ஓடுங்கக்கா, அட்டையைக் காட்டுங்க" என்றேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் ஊர் கேஷுவாலிட்டியில் இருப்பவர் அந்த அட்டையை வாங்கிப் படிப்பாரா, இல்லை நான் சொன்னதையே சொல்வாரா என்ற யோசனை அப்போதே வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.