கொலைகாரர் யார் என்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடுவது ஏன்?

சஸ்பென்ஸ் படத்தை முதலில் காட்டிக்கொடுப்பது நடிகர் தேர்வுதான். பெயர்பெற்ற நடிகர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராக வந்து இரண்டே வசனம் பேசிவிட்டுப் போனால், கொலையாளி அவர்தான் என்று தியேட்டரே முடிவு கட்டிவிடும். அடுத்தது கேமரா. மேஜைமேல் கிடக்கும் சாவியை மட்டும் குளோசப்பில் காட்டி, பின்னணி இசையையும் உயர்த்திவிட்டால் தண்டோரா போட்டதற்குச் சமம். அதே சாவி, கணவன் மனைவி சண்டைக்கு நடுவே கைமாறினால் கண்ணில் படும், மனதில் நிற்காது. (“நேரில் வாங்க, சொல்றேன்” என்று போனை வைப்பவர் பிழைத்ததாகச் சரித்திரமே இல்லை.)

1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. நாயகன் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பிறகு ஒவ்வொருவர் சொல்வதைக் கேட்கும்போதும் சந்தேகம் இடம் மாறுகிறது. கூடவே செத்தவரைப் பற்றிய நம் கணிப்பும் மாறிக்கொண்டே போகிறது. இயக்குநர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சந்தேக நபர்களை வரிசையாக நிறுத்துவார்கள், இறந்தவரோ வெறும் போட்டோவாகச் சுவரில் தொங்குவார். கொலைக்கான காரணத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் புது ஃப்ளாஷ்பேக்காகத் திணிக்க வேண்டிவருவதும் அதனால்தான்.