ஆர்டிஇ சீட்: குலுக்கலுக்கு ஒரு வருஷம் முன்பே முடிக்க வேண்டிய வேலை

போன வாரம் சின்னவளுக்கு ஆர்டிஇயில், அதாவது தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தில், எல்கேஜி சீட் குலுக்கலில் கிடைத்துவிட்டது. 10 இடம், 37 விண்ணப்பம், ஏழாவதாக எடுத்த சீட்டில் அவள் பெயர். கேட்டதும் சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதே பள்ளி, இதே வாசல், 2022இல் பெரியவளுக்காக வந்து நின்றபோது எங்கள் பெயர் குலுக்கல் குடத்துக்குள்ளேயே போகவில்லை.

ஆன்லைனில் விண்ணப்பம் எப்படிப் போடுவது, எந்தப் பக்கத்தில் எதை அழுத்துவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் இருக்கும் தம்பி பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். நான் சொல்ல வருவது முகவரியைப் பற்றி. திரும்பத் திரும்ப அதையே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷ ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொண்ட பாடம் அது.

நாங்கள் ஈரோடு பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறார், நான் ஒரு ஜவுளிக் குடோனில் பில் போடுகிறேன். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாமே மாமியார் ஊர் முகவரியில், 14 கிலோமீட்டர் தள்ளி. பள்ளி எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்து போனால் எட்டு நிமிஷம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதானே விதி, இருக்கிறோமே என்று நினைத்து வாடகை வீட்டு முகவரியைப் போட்டு, சான்றாக மாமியார் ஊர் ரேஷன் கார்டை வைத்தேன். செல்போனில் பதிவு எண் வந்ததும் பாதி சீட் கிடைத்த மாதிரி தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

மே கடைசியில் பள்ளி அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள் ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் தகுதியான விண்ணப்பங்கள், இன்னொன்றில் தகுதி இல்லாதவை, பக்கத்திலேயே காரணம். இரண்டாவது தாளில் மூன்றாவது வரி நாங்கள். காரணம்: இருப்பிடச் சான்று பொருந்தவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். ஆபீஸில் இருந்த அக்கா நல்ல மாதிரிதான், "நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்னு எனக்கே தெரியும்ங்க, தினமும் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறீங்க, ஆனா பேப்பர்ல நீங்க இங்க இல்லையே" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

பள்ளி எல்கேஜியில் தொடங்கினால் ஆர்டிஇ வாசலும் எல்கேஜியில் மட்டும்தான் திறக்கும். அடுத்த வருஷம் யுகேஜியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ஒரே வாய்ப்பு. பெரியவளை அதே பள்ளியில் காசு கட்டியே சேர்த்தோம், என் கல்யாண வளையல் ஒரு ஜோடி அடகுக் கடைக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, சின்னவளுக்கு என்ன செய்தேன்?

முதலில் வாடகை ஒப்பந்தம் கேட்டேன். வீட்டுக்கார பெரியம்மாவுக்கு எங்கள் மேல் பாசம் உண்டு, பொங்கலுக்குக் கரும்பெல்லாம் கொடுப்பார், ஆனால் பத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "கையெழுத்துப் போட்டா வீடே போயிரும்னு பையன் சொல்றான் கண்ணு, வேற எது வேணா கேளு." எட்டு மாதம் கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொண்டு பயனில்லை, அவர்கள் பயம் அவர்களுக்கு.

அப்புறம்தான் ஆதார் மையத்தில் ஒருவர் சொல்லித் தெரிந்தது, ஆதாருக்கென்றே ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது, அதில் வார்டு கவுன்சிலரோ எம்எல்ஏவோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று. கவுன்சிலர் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போனேன், ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தார். கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: முத்திரை போட்டோவுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டுமாம். மறுபடி படிவம், மறுபடி போட்டோ, மறுபடி ஏழு மணி. இந்த முறை முத்திரையை எங்கே வைக்க வேண்டும் என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். கவுன்சிலர் சிரித்துவிட்டார்.

என் கணவரின் ஆதார் மாறியதும் மற்றது சுலபம். குடும்பத் தலைவர் அடிப்படையில் மற்றவர்களின் முகவரியை ஆன்லைனிலேயே மாற்றும் வசதி 2023 ஜனவரியில் வந்தது. அப்போது ஆளுக்கு 50 ரூபாய், கோரிக்கை போட்டபின் அவர் 30 நாளுக்குள் தன் கணக்கில் போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் சரக்கோடு கர்நாடகா போய்விட்டு மறந்தே போனார், ஒரு கோரிக்கை காலாவதியாகி மறுபடியும் 50 ரூபாய். கடைசியில் ரேஷன் கார்டு. எல்லாம் முடிய 2023 நவம்பர் ஆகிவிட்டது. விண்ணப்பம் தொடங்கியது 2024 ஏப்ரல் கடைசியில். ஏப்ரலில் அறிவிப்பு வந்தபின் முகவரி மாற்றப் புறப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மற்ற காகிதங்கள், வேகமாக:

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதிவானபோது பெயர் வைத்திருக்க மாட்டோம், அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு 15 வருஷம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம்.

2024-25 எல்கேஜிக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் கூட்டிப் பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் போச்சு.

சாதிச் சான்றிதழ் குழந்தை பெயரில் வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று படியேறி வரும். விஏஓவை நேரில் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வருவது நல்லது, அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நகர்கிறது.

வருமானச் சான்றிதழ் எல்லோருக்கும் தேவையில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குடோனில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், "எங்களுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வருது, நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பமே போடவில்லை. அந்த 2 லட்சம் வரம்பு நலிவடைந்த பிரிவில் போடுகிறவர்களுக்கு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் போடலாம், அங்கே கேட்பது சாதிச் சான்றிதழைத்தான். அவர் பி.சி. சீட் கிடைத்திருக்குமா என்பது வேறு, குடத்தில் பெயராவது விழுந்திருக்கும். ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை, துப்புரவுத் தொழிலாளியின் குழந்தை என்றால் குலுக்கலே கிடையாது, முன்னுரிமையில் நேராக இடம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தும் பொதுவில் போட்டுவிட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பெரிய தந்திரம் எதுவும் தெரியாது. ஆசைப்பட்ட கான்வென்ட் பட்டியலில் இல்லையே என்று அதிகாரிகளைத் திட்டாதீர்கள், அரசு உதவி பெறாமல் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என்று 2012இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றபடி எல்கேஜியில் 40 பிள்ளைகள் என்றால் 10 இடம், 20 என்றால் 5. பேர் பெற்ற பள்ளிக்குத்தான் எல்லோரும் போடுவார்கள். நான் அதையும் போட்டேன், பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்னப் பள்ளியையும் போட்டேன். என் சுபாவம் அப்படி, ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கிற தைரியம் எனக்கில்லை.

குலுக்கல் அன்று காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், ஆரம்பிக்கப் பதினொன்றரை. பிரார்த்தனைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை மேல் ஓர் எவர்சில்வர் குடம். கல்வித் துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொரு பெயரையும் படித்து, தாளை எல்லோருக்கும் காட்டி, நாலாக மடித்துக் குடத்தில் போட்டார்கள். எங்கள் தாளை மடித்தபோது ஒரு மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது, அதனால் கையில் மாட்டுமா மாட்டாதா என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரத்தனம்தான். கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் முதல் தாளை எடுத்து வாயில் வைத்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அந்த முதல் தாளுக்குரிய அம்மாவைத் தவிர. பத்து முடிந்ததும் காத்திருப்போர் பட்டியலுக்கும் எடுப்பார்கள், பத்தில் வராத கோபத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். போகாதீர்கள். கிடைத்தவர்களில் சிலர் வேறு பள்ளிக்குப் போவார்கள், இடம் காலியாகும், செல்போனை அணைத்துவிடாமல் வைத்திருங்கள்.

இனி அந்த "இலவசம்".

சேர்க்கைக்குப் போன அன்று, அரசுப் பணம் வர நாளாகும், இப்போதைக்கு நீங்கள் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பள்ளிக்குப் பணம் தாமதமாக வருவது உண்மைதான், அவர்கள் கஷ்டமும் புரிகிறது. ஆனால் சட்டப்படி அது அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள கணக்கு, நடுவில் நான் இல்லை. "எழுத்தில் கொடுங்கள், கட்டுகிறேன்" என்றேன். எழுத்தில் வரவில்லை, பேச்சும் அதோடு நின்றது. கத்தத் தேவையில்லை, இந்த ஒரு வாக்கியம் போதும். பக்கத்து மேஜையில் ஒருத்தர் சின்னவளை ஏபிசிடி சொல்லு பாப்பா என்றார், அவள் சொல்ல மாட்டேன் என்று என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. பயப்பட வேண்டியதில்லை, சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதை ஆர்டிஇ சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது, முதல் முறை மீறினாலே 25,000 ரூபாய் வரை அபராதம்.

கட்டணம் போனாலும் புத்தகம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, வேன் என்று எங்கள் கைக்காசு போகத்தான் போகிறது, இந்த வருஷம் எனக்கு 9,400 ஆகியிருக்கிறது. சீட் கிடைத்த சந்தோஷத்தில் உண்டியலை உடைத்துவிடாதீர்கள். இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவது வந்தால் முழுக் கட்டணம். இப்போதே மாதம் 300 தபால் அலுவலக ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட ஆரம்பித்திருக்கிறேன், அது எந்த மூலைக்கு என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஆர்டிஇயில் வராத பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன், இதுவும் சிலருக்கு உதவும். சலுகை கேட்பதென்றால் ஜூனில் கேட்காதீர்கள், பிப்ரவரி மார்ச்சில் கேளுங்கள், ஃபீஸ் சீட்டு அச்சாவதற்கு முன். ஆபீஸில் சொல்லிவிட்டு வராமல் தாளாளருக்கு ஒரு கடிதமாகவே கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், புலம்பல் வேண்டாம். இவ்வளவு வருமானம், இவ்வளவு வாடகை, இவ்வளவு கட்ட முடியும், இத்தனை தவணையில். நான் முதல் வருஷம் அழுதுகொண்டே போய்ப் பேசினேன், ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள், ஒரு ரூபாய் குறையவில்லை. இந்த வருஷம் தொகையை எழுதிக் கொடுத்தேன், 3,000 குறைத்து நான்கு தவணையாக்கினார்கள். அக்கா தங்கை ஒரே பள்ளி என்பதற்கான சலுகையைக் கேட்டதற்கு, தங்கை கட்டணம் கட்டாததால் அது பொருந்தாது என்றார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஒரு குழு இருக்கிறது, பள்ளிவாரியாக, வகுப்புவாரியாகத் தொகை போடுவார்கள். உங்கள் பள்ளிக்கு என்ன தொகை என்று தெரிந்துகொண்டு போங்கள். எங்களிடம் இருந்த ரசீதுகளை ஒரு நாள் தரையில் பரப்பிக் கூட்டினேன்: அச்சடித்த ரசீதில் இருந்தது குழு போட்ட தொகை, மீதி 6,500 பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டில், மேலே "இதர" என்று மட்டும். அந்தத் துண்டுச் சீட்டைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் செய்திருந்தேன். எதுவும் எழுதவில்லை, சும்மா பின் செய்தேன். அந்த 3,000 என் எழுத்துக்கா, அந்தச் சீட்டுக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

நேற்று வீட்டுக்கார பெரியம்மா சின்னவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ஆடி கழிந்ததும் வாடகை 500 ஏற்றப் போவதாகச் சொன்னார். வேறு வீடு பார்க்கலாம் என்றார் இவர். பார்க்கலாம், ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பாருங்கள் என்றேன். மறுபடியும் ஏழு மணிக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்க என்னால் ஆகாது.