யாங்லிங்கின் கோதுமை

சீனாவின் ஷியான் நகரத்திலிருந்து மேற்கே அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது யாங்லிங் போய்ச் சேர. களிமண் போர்வீரர்களைப் பார்க்க ஷியான் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் போனது லீ ஜென்ஷெங் என்ற கோதுமை விஞ்ஞானிக்காக.

1956-இல் பெய்ஜிங்கை விட்டு இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 25. அப்போது கோதுமையை மஞ்சள் துரு நோய் அழித்துக்கொண்டிருந்தது. இலை நெடுக மஞ்சள் கோடு விழும். தடவினால் விரலில் பொடி ஒட்டும். 1950-இல் மட்டும் சீனா இதனால் இழந்தது 60 லட்சம் டன். புது ரகம் உருவாக்க எட்டு வருடம் ஆகும். நோயைக் கொண்டுவரும் பூஞ்சையோ ஐந்தாறு வருடத்தில் உருமாறிவிடும். எப்படி ஜெயிப்பது?

கோதுமைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு காட்டுப்புல்லுக்கு இந்த நோய் வராது என்று லீ கவனித்திருந்தார். இரண்டையும் கலக்கலாம் என்றால், புல் தாமதமாகப் பூக்கும். விளக்கு வைத்துப் பகலை நீட்டி, முன்கூட்டியே பூக்க வைத்தார்கள். அப்புறம் பிறந்த கலப்புச் செடிகளில் பல மலடு.

ஜூன் முதல் வாரம் நான் போனபோது வயல்கள் அறுவடைக்குத் தயாராக இருந்தன. வரப்போரம் நின்றபோது 1964 ஜூன்தான் மனதில் ஓடியது. அந்த வருடம் நாற்பது நாள் விடாமல் மழை. 14-ஆம் தேதி திடீரென்று வெயில் கொளுத்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலப்புச் செடிகள் மாலைக்குள் பச்சையாகவே காய்ந்துபோயின. ஒன்றே ஒன்று பொன்னிறமாக நின்றது. அதன் வம்சத்தில்தான் 'ஷியாவ்யான் 6' என்ற கோதுமை ரகம் வந்தது. ஒற்றைச் செடி! அன்று அவர் வயலில் இல்லாதிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பதறியது.

சரி, பசிக்கு இந்த ஊரின் தொட்டுக்கொள்ளும் நூடுல்ஸ். இடுப்புப் பட்டை அகலத்துக்கு, வெந்த நீரிலேயே மிதக்கும். தனிக் கிண்ணத்தில் தக்காளி, முட்டை, பூண்டு, மிளகாய் எண்ணெய் கலந்த சாறு. ஒரு முனையைக் குச்சியால் தூக்கி, சாற்றுக்குள் இறக்கி, குனிந்து கடிக்க வேண்டும். 'நூடுல்ஸ் வேணுமா, ஷியாவ்யான் விதை' என்பது இங்கத்து விவசாயிகளின் பேச்சு. அந்த மாவு இழுத்தால் அறுந்துபோகாதாம். மூன்றே பட்டைதான் வாங்கினேன். மூன்றாவதை முடிக்க அரை மணி நேரம் ஆனது.